எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வியாழன், 14 அக்டோபர் 1993. பிரிக்பீல்ட்ஸ்.

அனுப்பி இரண்டு வருடம் கழித்து இன்று ஆய்வு ஜர்னலிலிருந்து கடிதம் வந்தது. என் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்களாம். ஒரே ஒரு திருத்தம். கணினி நிரலை ஓட்டாமலே பிழையைப் பிடிக்கும் இதே முறையைச் சென்ற வருடம் ஒரு மாநாட்டில் வேறு இருவர் வெளியிட்டுவிட்டார்கள். அவர்களைக் குறிப்பிட்டு, என்னுடையதில் புதிதாக என்ன இருக்கிறது என்று எழுத வேண்டுமாம்.

நான் முதலில் அனுப்ப நினைத்ததே அந்த மாநாட்டுக்குத்தான். நிரல்மொழி ஆய்வில் இருப்பவர்கள் எல்லாரும் அங்கேதான் போடுகிறார்கள். துறைத்தலைவர் குலசிங்கம்தான் தடுத்தார். "கான்ஃபரன்ஸ் எல்லாம் ஊர் சுத்தத்தான்லா, வாணி. ஜர்னல்ல போடும்மா. புரோமோஷன் ஃபாரத்துல அதுக்குத்தான் கட்டம் இருக்கு." நானும் மாடு மாதிரி தலையாட்டினேன்.

இன்று கடிதத்தை அவரிடம் நீட்டினேன். ஏற்றுக்கொண்டோம் என்ற முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டார். "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!" ஆபீஸ் முழுக்கச் சுடச்சுடக் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். "தேங்க்ஸ், டாக்டர்" என்று சொல்லி இரண்டு தின்றேன்.

புதிதாக என்ன என்பதை நாலு தடவை எழுதி நாலு தடவையும் அடித்துவிட்டேன். அனுப்பிய அன்று எல்லாமே புதிதுதான். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?