கயிற்றில் கை வைத்தவர்களுக்கான மீன்

டீச்சர்,

நேற்றுக் காலை கல்முனை பஸ் நிலையச் சுவரில் உங்களைக் கண்டேன். போஸ்டர் ஒட்டிக் கொஞ்ச நேரம்தான் இருக்கும், பசை காயாமல் புளித்த மாவு மணந்தது. கடற்கரை இசைவிழா இந்த வருடமும் வருகிறதாம். போனமுறை போல மூன்று நாள் இல்லை, ஒரு மாதம் முழுவதும். "ஒரே கரை, ஒரே சமூகம்" என்று பெரிய எழுத்தில் போட்டு, அதன் கீழே ஒரு படம். வெளியூர்க்காரரும் வெளிநாட்டவரும் ஆளுக்கொரு மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் நீலச் சேலை கட்டிய ஒரு பெண் மணலில் குனிந்து நிற்கிறார். முகம் தெரியவில்லை. எனக்கு முகம் தேவைப்படவில்லை.

அந்தச் சுவரைக் கடந்து எத்தனையோ பேர் போனார்கள். அந்தப் பெண் சிப்பி பொறுக்குகிறார் என்று நினைத்திருப்பார்கள். நீங்கள் என்ன பொறுக்கினீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதை மறைத்த படத்தில் உங்களையே வைத்து ஒட்டியிருக்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வேலைக்கு நாம் போனதே ஒரு வேடிக்கை. கொழும்பிலிருந்து வந்த இளம் ஆய்வாளர் ஒருவர், இசைவிழாவில் சமூக உணர்வு எப்படி உண்டாகிறது என்று படிக்கப்போவதாகச் சொன்னார். பெண்களிடம் கதைக்க உள்ளூர்ப் பெண்கள் இருவர் வேண்டுமாம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் என்றால் நல்லதாம். தம்பிலுவிலில் இருந்து நீங்களும் கல்முனையில் இருந்து நானும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஆராய்ச்சி உதவியாளர்கள் ஆனோம். என் தம்பிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "பென்சனும் எடுத்தாச்சு, இனி ராத்தா மேடையில ஏறிப் பாடத்தான் மிச்சம்" என்று அக்காவென்றும் பாராமல் கேலி செய்தான். நீங்கள் முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல், "ஓம் தம்பி, ராத்தா பாடுவா, நான் பக்கத்தில இரிந்து தாளம் போடுவன். நீங்க முன்வரிசையில வந்து இரிங்க" என்றீர்கள்.

முதல்நாள் நமக்குத் தரப்பட்ட வேலை சுலபமானது. கையில் விழாவின் பட்டி கட்டியவர்களிடம் போய், "இங்கே நீங்கள் ஒரு சமூகத்தில் இருப்பதாக உணர்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். எல்லோரும் ஓம் என்றார்கள். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. பின்னேரம் தேநீர் குடிக்கும்போது நீங்கள் சொன்னீர்கள்: "இது பந்தியில இரிந்து ஏப்பம் விடுறவனிட்டப் போய்ப் பசிக்குதா எண்டு கேக்கிற மாதிரி கிடக்கு."

அடுத்தநாள் ஆய்வாளரிடமே கேட்டுவிட்டீர்கள். "தம்பி, மத்த நாளில இந்தக் கரையில நிக்கிற ஆக்கள் எங்க?"

"அவங்க விழாவுக்கு வரல்லயே டீச்சர். வந்தவங்களப் பத்தின ஆய்வுதானே இது."

"வகுப்புக்கு வராத பிள்ளையிட வீட்ட போகாம, என்ர வகுப்பு நல்ல வகுப்பு எண்டு சொல்லுற டீச்சர் மாதிரியெல்லோ இது."

அவர் நல்ல பிள்ளை, சிரித்தார். நாம் தாழைப் புதருக்குப் பின்னால் இருந்த வீடுகளுக்குப் போகிறோம் என்றதும் வேண்டாம் என்று சொல்லவுமில்லை. அங்கேதான் கரைவலை முதலாளியை, அண்ணன் முறை வைத்து ஊரே காக்கா என்று கூப்பிடுகிறவரைக் கண்டோம். வலை வீட்டு முற்றத்தில் குவிந்து கிடந்தது. மேடை போட்டிருந்தது அவருடைய வலை கரையேறுகிற இடத்தில். கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள்தான் கரைவலைக்குக் காலம் என்பது நமக்குத் தெரியாததல்ல. "முளையடிச்சுப் பந்தல் போட்டிரிக்காங்க டீச்சர். மறுகா நான் வலைய எங்க ஏத்துற? மூணு நாள் எண்டாங்க, சரி, பொறுப்பம் எண்டு இரிக்கன்" என்றார் காக்கா.

மூன்றாம் நாள் காலையில் விழாக்காரர் இருவர் அவரிடம் வந்தார்கள். விருந்தினர்களோடு ஒருதரம் வலை இழுக்க வேண்டுமாம், படம் எடுக்கவாம். மேடைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுகிறார்களாம். அவருடைய இடத்தில் அவருக்கே இடம். அவர் அதற்கும் சம்மதித்தார். வீடு தேடி வந்து கேட்டவர்களை எப்படி இல்லை என்று அனுப்புவது என்று நினைத்திருப்பார்.

வலை போட்டார்கள். பட்டி கட்டிய கைகள் எல்லாம் கயிற்றைப் பிடித்தன. பாட்டு ஒலித்தது, கைதட்டினார்கள். வலையின் மடி கரைக்கு வந்தபோது அதற்குள் பாசியும் இரண்டொரு நண்டும்தான். விழா விருந்தினரை ஏற்றிய விசைப்படகுகள் மூன்று நாளாகக் கிழித்துக்கொண்டு திரிந்த கடலில் வேறு என்ன வரும்?

அப்போது காக்காவின் முகம் போன போக்கை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். கரைவலையில் வழிப்போக்கன் கை வைத்தாலும் அவனுக்கு ஆணத்துக்கு மீன் கொடுத்துத்தான் அனுப்புவது. கறி வைக்க ஒரு மீனாவது இல்லாமல் அந்தக் கை திரும்பக் கூடாது. அவர் மருமகனைக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னார். மோட்டார் சைக்கிள் சந்தைக்குப் பறந்தது. தன் வலையில் படாத மீனைத் தன் காசுக்கு வாங்கி, கூடையோடு கொண்டுவந்து, இழுத்தவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "ஏன் காக்கா இப்பிடி?" என்று நான் கேட்டேன். "கயித்தில கை வெச்ச ஆள வெறுங்கையோட அனுப்பப்படா டீச்சர். வலை தராட்டி நான்தானே குடுக்கணும்" என்றார்.

அவர்கள் மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். மற்றவர்கள் இன்னும் படத்துக்கு நிற்கும்போதே ஒருத்தி மீனை மணலில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருவர் போட்டார். ஹோட்டல் அறையில் தங்கியிருக்கிறவர்கள் அதை எங்கே சமைப்பார்கள் என்று அவர்கள் பக்கத்தையும் நான் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு மீனாகக் குனிந்து எடுத்தீர்கள்.

"விடுங்க டீச்சர். அவங்களுக்குத் தெரியாதுதானே" என்றார் காக்கா.

"தெரியாட்டிக் கேக்கலாம்தானே காக்கா. வாய் இரிக்கே. ராவெல்லாம் பாடின வாய்தானே."

கடல் தண்ணீரில் கழுவி அவருடைய வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். அவர் மனைவி புளி கரைத்து ஆணம் வைத்தார். மத்தியானம் அங்கேயே சாப்பிட்டோம். "ஒரு முள்ளும் மிச்சம் வெக்கப்படா, தின்னுங்க" என்று என்னை அதட்டினீர்கள்.

இவ்வளவையும் நீங்கள் தெளிவாக எழுதி ஆய்வாளரிடம் கொடுத்தீர்கள். அறிக்கை அச்சாகி வந்தபோது நீங்கள் இல்லை. உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நான் தம்பிலுவிலுக்கு வந்துபோன பிறகுதான் அது என் கையில் கிடைத்தது. முதல் பக்கத்தில், "சமூகத்தின் உண்மைத் தோழிக்கு" என்று உங்கள் பெயரைப் போட்டிருந்தார்கள். உள்ளே, "உள்ளூர் மீனவர்கள் மகிழ்ச்சியோடு மீன்களை அன்பளிப்பாக வழங்கி விருந்தினரை வரவேற்றனர்" என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி. மேடை நின்ற இடம் யாருடையது என்று இல்லை. வெறும் மடி இல்லை. மணலில் கிடந்த மீன் இல்லை. ஒரு பிள்ளையின் விடைத்தாளை வாங்கி, விடையை அழித்துவிட்டு, மேலே அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் அழகாக எழுதி மாட்டிவைப்பது போல.

அதனால்தான் நேற்று நான் வீட்டுக்குப் போகவில்லை, பஸ் ஏறிக் காக்காவிடம் போனேன். பின்னேரம் பிரதேச செயலகத்தில் விழாவுக்கான அனுமதிக் கூட்டமாம். இந்தமுறை ஒரு மாதம். அதுவும் வலை ஓடுகிற மாதம். "எங்கள ஆரும் கூப்பிடல்ல டீச்சர். கூப்பிடாத இடத்துக்கு எப்பிடிப் போற?" என்றார். "நான் கூப்பிடுறன், உடுப்ப மாத்திட்டு வாங்க காக்கா" என்றேன்.

அசர் தொழுதுவிட்டு இருவரும் போனோம். ஆய்வாளர் திரையில் அதே படத்தைக் காட்டி, ஊரும் விழாவும் ஒன்றாகிவிட்டதற்கு இது சான்று என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்க எந்த அமைப்பு டீச்சர்?" என்றார்.

"அமைப்பு ஒண்டுமில்ல சேர். இந்த ஆய்வில வேல செஞ்ச ஆள். அந்தா மூலையில குனிஞ்சு நிக்கிறவவும் என்னோட வேல செஞ்சவ. அவ என்ன எடுக்கிறா எண்டு சொல்லட்டா?"

சொன்னேன். எங்கும் நிறுத்தவில்லை. சந்தையில் வாங்கிய மீன் என்றபோது விழாக்காரர் ஒருவர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். அவரிடம், "தம்பி, அத வெச்சிட்டு இத கேளுங்க" என்றேன். வைத்தார். கடைசியில் காக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மேடைய வடக்கால தள்ளிப் போட்டாப் பாட்டுக் கேக்காதா சேர்?" பலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. நேரில் வந்து இடத்தைப் பார்க்கும் வரை அனுமதி இல்லை என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அவர் வருவாரா, வந்து என்ன சொல்வார் என்பது இன்னும் தெரியாது.

வாசலில் ஆய்வாளர் என்னைத் தேடி வந்தார். "அவங்க எழுதின அந்தப் பகுதியை அறிக்கையில இருந்து நான்தான் வெட்டினேன் டீச்சர். நல்ல பக்கத்தை எழுதினாத்தானே ஊருக்கு நல்லது எண்டு நினைச்சேன்" என்றார். "ஊருக்கு எது நல்லது எண்டு ஊரிட்டக் கேக்கத்தானே தம்பி உங்கள அனுப்பினாங்க, அதுக்குத்தானே எங்களுக்கு அட்டை மாட்டினீங்க" என்று கேட்டேன். கண் கலங்கினார். அவர் தோளைத் தட்டிச் சமாதானம் சொல்லியிருப்பேன், எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்னவள்தானே. நேற்றுச் சொல்ல வரவில்லை.

நாம் ஒன்றாகப் படிப்பித்த பாடசாலையில் எந்தக் கூட்டமென்றாலும் நீங்கள் எழும்புவீர்கள். நான் மேசைக்குக் கீழே உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "பொறுங்க டீச்சர், பொறுங்க" என்பேன். கோபம் உங்கள் வேலை, பொறுமை என் வேலை என்று இத்தனை வருடமும் பிரித்து வைத்திருந்தோம். நேற்று நான் எழும்பி நின்றபோது என்னைப் பிடித்து இழுக்க ஆளில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த காக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, நான் கதைக்க வசதியாகத் தன் கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.