கருப்பட்டிப் பாகில் கொஞ்சம் கொயினா

கடையில் ஈ மருந்துப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் படித்தால், குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்பு சேர்த்திருப்பதாக அச்சடித்திருக்கிறான். சிரிப்பு வந்துவிட்டது. அடி பாதகத்தி, இதைப் பார்க்காமல் போய்விட்டாயே!

ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனியின் பிள்ளைக் கொட்டகை கண்ணில் வந்து நிற்கிறது. தாய்மார் வெடிக்குத் திரி வைக்கப் போனதும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்வேன். நீ விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வரும் நர்ஸம்மா. உச்சிவெயில், ஓலை இடுக்கில் சொட்டும் வெளிச்சம், சேலைத் தொட்டில்களின் மெல்லிய ஆட்டம். உலகமே கண்ணயர்ந்ததுபோல் இருக்கும். ஈ மட்டும் தூங்காது, பிள்ளைகளின் உதட்டோரம் மொய்த்தபடியே இருக்கும்.

அந்தக் கோடையில் வயிற்றுப்போக்கில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தோம். மறுவாரமே ஈ மருந்தோடு வந்தாய். அதைக் கருப்பட்டிப் பாகில் கலந்து வைக்க வேண்டுமாம். நான் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏ புள்ள, ஈ திங்கிற இனிப்பை நம்ம பிள்ளைக திங்காதா?"

"வேப்பங்கொழுந்தை அரைச்சுக் கலப்போம். வாயில வச்சதும் துப்பிரும்," என்றாய். "ஆனா மொதல்ல விசமில்லாம வச்சுப் பாப்போம்."

அந்த ஒரு வார்த்தைக்காக உன்னை இன்றும் கும்பிடுகிறேன்.

வேப்பங்கொழுந்து கலந்த பாகைத் தட்டில் ஊற்றி வைத்தோம். ஈ வந்து உட்கார்ந்தது, உடனே பறந்தது. "வாயே வைக்கல, காலாலயே ருசி பாத்துருச்சு பாரேன்," என்று மெய்மறந்து கிசுகிசுத்தாய். அதற்குள் கொட்டகைப் பிள்ளைகளில் ஒருத்தி, பேச்சி, தத்தித் தத்தி வந்து, தட்டை வழித்து நக்கிவிட்டு, இன்னும் கேட்டுக் கையை நீட்டினாள்.

"கசக்கலையாட்டி?"

"எங்காத்தா குடுக்கும்," என்றாள் பெருமையாக.

அப்போதுதான் உறைத்தது. வயிற்றுப் புழுவுக்கு வேப்பங்கொழுந்தையும் கருப்பட்டியையும் சேர்த்து உருட்டிக் கொடுக்காத வீடு நம் பக்கம் ஏது? ஈ ஒதுக்கியதைப் பிள்ளை தின்றுவிட்டது. பேச்சியை இறுக அணைத்துக்கொண்டு நீ விம்மி விம்மி அழுதாய்.

அடுத்து, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கடுங்கசப்பு மருந்தான கொயினாவைக் கொண்டுவந்தாய். கூடப் போட்டால் ஈ அண்டவில்லை. குறைத்துக் குறைத்து, ஒவ்வொன்றையும் உன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் ஊற்றினாய். கடைசியில் ஒரு பாகில் ஈக்கள் குந்தி உறிஞ்சின. அதில் ஒரு துளியைப் பேச்சியின் உதட்டில் தடவினாய். துப்பினாள், வீறிட்டாள், உன் வெள்ளைச் சேலையில் நாக்கைத் துடைத்தாள்.

"அழு தாயி, நல்லா அழு," என்று சிரித்தாய். "இனி விசத்தைக் கலக்கலாம்."

அப்போதும் உனக்கு மனசு கேட்கவில்லை. தட்டை உறியில் கட்டி, உத்தரத்தில் தொங்கவிட்ட பிறகுதான் பஸ் ஏறினாய்.

இந்தப் பொட்டலத்தையும் உயரத்தில்தான் வைத்திருக்கிறேன். கசப்பு இருக்கிறது என்று அவன் அச்சடித்தால் ஆச்சா? "புள்ளை துப்புச்சா? அதைச் சொல்லு மொதல்ல," என்று நீ அதட்டுவது காதில் விழுகிறது. எந்தப் பிள்ளைக்கு எதை ஊட்டினாலும் இன்றுவரை என் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான்.

நேற்று பேச்சி தன் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அதை உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.