அண்ணன் வந்து சேர்ந்த கடற்கரை

புதுவாயல் கூட்டு ரோட்டில் புதிதாக ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடை வந்திருக்கிறது. இன்று காலை கம்பெனி பஸ்ஸுக்காக நின்றபோது, லாரிப் புகையைத் தாண்டித் தேங்காய் எண்ணெய் காயும் வாசனை வந்தது. பக்கத்தில் நின்ற பெண்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. எனக்கோ வர்க்கலா குன்றின்மேல் உன் அண்ணனுக்காக நாம் காத்திருந்த மதியம் நினைவுக்கு வந்துவிட்டது.

நீ, நான், ஜெசி மூவரும் தேர்வாய் கண்டிகை கம்பெனியில் ஒரே உற்பத்தி லைனில் வேலை பார்த்தோம். கேரளத்துக் கடற்கரை ஊர்களை நிதானமாகச் சுற்றிவர வேண்டும் என்று எத்தனை சாப்பாட்டு இடைவேளைகளில் பேசியிருப்போம்! பழவேற்காட்டில் கடை வைத்திருக்கும் என் வாப்பா முகம் சுளித்தாலும் அனுப்பிவிட்டார். நீயோ மணவாள நகர் வீட்டில், பெங்களூரில் கம்பெனி ட்ரெய்னிங் என்று சொல்லிவிட்டு வந்தாய். அடுத்த மாதம் உனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வேலையை விடச் சொல்லியிருந்தார்கள். உனக்கு மாப்பிள்ளையையும் பிடிக்கவில்லை, வேலையை விடவும் மனமில்லை.

வர்க்கலாவில் அவசரமே இல்லாத மனிதர்கள். குன்றின் விளிம்பில் சிப்ஸ் வறுக்கும் கடைகள், கீழே கடல். ஒரு கடையில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் உன் போன் அடித்தது. சந்தேகப்பட்டுக் கம்பெனிக்கே போயிருந்தார் உன் அண்ணன்.

"ட்ரெய்னிங்கே கெடையாதுன்னு செக்யூரிட்டி சொல்றாரு. எங்க கீற நீ?"

பெங்களூர் என்றே சொல்லும்படி நான் சைகை காட்டினேன். நீ கடலைப் பார்த்தபடி, "வர்க்கலாவுல கீறேன். வேணும்னா வந்து பாரு" என்று சொல்லிப் போனை வைத்தாய்.

ஜெசி பையைக் கட்ட எழுந்துவிட்டாள். "இன்னாடி பண்ணி வச்சிருக்க?" என்று கத்தினேன்.

"ஊட்ல பேசுனா அம்மா அழுவும், அப்பா எழுந்து போயிடும். இங்க அவன் ஒருத்தன்தான் வருவான். கேட்டுத்தான் ஆவணும்."

மறுநாள் மதியம், இடம் கேட்டுக்கொண்டு அதே கடைக்கு வந்தார் உன் அண்ணன். வேலைக்குப் போகிற ஷூ, கசங்கிய சட்டை, கையில் பைகூட இல்லை. நேராக வந்து உன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பொய் சொல்லிட்டு ஊர் சுத்திக்கினு கீறியா? கெளம்பு."

"டிக்கெட் ஞாயித்துக்கெழமைக்குத்தான். அன்னிக்கு வரேன். அதுவரைக்கும் நீயும் கூட இரு."

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை விட்டார். ஆனால் போகவில்லை. தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கடலுக்கு முதுகு காட்டி, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் கோவளம் பஸ்ஸிலும் நமக்குப் பின் சீட்டில் அவர்தான். வழியெல்லாம் என் பிடரியில் அவர் மூச்சு படுவது போலவே இருந்தது.

கோவளத்தில் நீ திடீரென்று தண்ணீரில் இறங்கினாய். முழங்கால், பிறகு இடுப்பு. உனக்கு நீச்சல் தெரியாது. "ஏய், வெளிய வா!" என்று அலறிக்கொண்டு அவர் ஷூவோடு ஓடினார். அதற்குமேல் அலை இரைச்சலில் எதுவும் காதில் விழவில்லை. அவர் கை ஓங்குவதை மட்டும் பார்த்தேன். ஜெசி முகத்தைப் பொத்திக்கொண்டாள். நீ ஏதோ சொன்னாய். ஓங்கிய கை அப்படியே நின்று, மெல்ல இறங்கி, உன் கையைப் பிடித்துக்கொண்டது. வெகுநேரம் நீ பேசினாய். அவர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கரையேறியதும் அப்பாவுக்குப் போன் போட்டார். "அந்த மாப்ள எடம் வாணாம்ப்பா. நான் வந்து சொல்றேன்."

எதைச் சொல்லி அவரை நிறுத்தினாய் என்று அன்று இரவு கேட்டேன். நான் ஏதோ வீர வசனத்தை எதிர்பார்த்தேன்.

"பயமா கீதுண்ணா, கைய புடிச்சுக்கோன்னு சொன்னேன். நெஜமாவே பயமா இருந்துச்சுடி. தண்ணியப் பாத்தும், அவனப் பாத்தும்."

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம்தான். ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அண்ணன் தனியாக நின்றிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

உன்னை எதற்கும் அஞ்சாதவள் என்றுதான் லைனில் இன்றும் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை. ஓசூரில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, தனியாகப் போய்த் தங்கவேண்டும். நேற்று வாப்பா முன்னால் உட்கார்ந்தேன். "பயமா இருக்கு வாப்பா" என்று அதையே முதலில் சொன்னேன். பிறகு மற்றதையும் சொல்லி முடித்தேன்.