வியாழக்கிழமை மாத்திரை

சாவித்ரி,

நீ தூங்கறே, எழுப்பலை. என்னை வேலைக்கு ஏத்திண்டு போற லேப் பஸ் இந்நேரம் தார்நாகா ஸ்டாப் தாண்டியிருக்கும், கிளம்பறேன். எலும்புக்கு வாரம் ஒண்ணு போடச் சொன்ன மாத்திரை, நாலுல ரெண்டுதான் இருக்கு. போன வியாழன் ஒண்ணு போட்டே. இன்னொண்ணு எங்கே? ராத்திரி கேட்டப்போ தொடவே இல்லைன்னே. மறந்து போட்டிருந்தா இன்னிக்கு வேண்டாம். போடலைன்னா வெறும் வயத்துல தண்ணியோட முழுங்கிட்டு அரைமணி உட்கார்ந்திரு, அப்புறந்தான் காப்பி. எனக்கே ஒண்ணும் புரியலை. மாவுக்கட்டுக் கையோட குக்கரைத் தூக்காதே, வேலைக்கு வர யாதம்மா இறக்கட்டும்.

பத்ரி

பி.கு: இப்ப எண்ணினா என் பிரஷர் மாத்திரை ஒண்ணு கூடுதலா இருக்கு! அப்போ நேத்து என்னோடதுன்னு நெனச்சு காப்பியோட நான் முழுங்கிட்டுப் படுத்தது உன் மாத்திரை. இன்னிக்கு நீ போட்டுக்கோ. ராத்திரி எனக்கு வந்த நெஞ்செரிச்சலுக்கு, நீ ஒத்தைக் கையால வெச்ச வத்தக்குழம்பைன்னா திட்டினேன்! மிச்சத்தைக் கொட்டிடாதே, வந்து சாப்பிடறேன்.