மெயின் சுவிட்சின் திறப்பு

ரொறன்ரோ
16.11.1986

அன்புள்ள சுகிர்தத்திற்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

வேலை கிடைத்துவிட்டது. லிப்ட் திருத்தும் கொம்பனியில் வயரிங் வேலை. இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் மெஷின் அறை. உள்ளே மோட்டார், கொன்ட்ரோல் பெட்டி, நான். கம்பிக்கயிறு ஓடினால் யாரோ ஏறுகிறார்கள் என்று தெரியும், முகம் தெரியாது. நேற்று முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை.

இங்கேயும் எங்கள் சீமெந்து ஆலைச் சட்டம்தான். வயரில் கை வைக்க முன் மெயின் சுவிட்சை இறக்கிக் கரண்டை நிறுத்தி, சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதின அட்டையைத் தொங்கவிட வேண்டும். பூட்டினவன்தான் திறக்கலாம். திறப்பை இன்னொருவர் கையில் கொடுக்கவே கூடாது. எங்கள் புது வீட்டு மெயின் சுவிட்சில் நான் போட்டுவிட்டு வந்த பூட்டு நினைவுக்கு வந்தது. கல்நிலத்தில் எர்த் கம்பி இறங்குவதற்குள் ஏஜென்சிக்காரன் பயணத் திகதி சொல்லிவிட்டானே! எர்த் இல்லாமல் கரண்ட் விட்டால் ஆளை அடிக்கும். திறப்பு என் கழுத்துச் சங்கிலியில் கிடக்கிறது. அடுத்த வருடக் கிறிஸ்மஸுக்கு வந்து நானே திறப்பேன்.

உம்முடைய
ஏர்னெஸ்ட்

தெல்லிப்பழை
8.2.1987

அன்புள்ள அத்தானுக்கு,

பூட்டில் தொங்கும் உங்கள் அட்டையைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். "ஏர்னெஸ்ட். வேலை முடியவில்லை. திறக்க வேண்டாம்." வீட்டுக்கு வருகிற சனமெல்லாம் வாசித்துச் சிரிக்கிறது. அறைக்கு அறை பல்ப் தொங்குகிறது, நான் அரிக்கன் லாம்போடு திரிகிறேன். பக்கத்து வீட்டுப் பத்மாவதி அக்கா, "புருசன் கரண்ட் வேலைக்காரன், உனக்குக் குப்பி விளக்கோடி?" என்று கேட்கிறா.

உங்களோடு ஆலையில் வேலை செய்த ஆழ்வாப்பிள்ளை அண்ணை வந்தார். "கிடங்கு வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த்தைத் தாட்டுத் தாறன் தங்கச்சி. பூட்டை அறுக்க அவரிட்டை ஒரு சொல் கேளும்" என்றார். அந்த ஒரு சொல்லை எழுதுங்கள்.

உங்கள்
சுகிர்தம்

ரொறன்ரோ
30.3.1987

அன்புள்ள சுகிர்தம்,

அறுக்க வேண்டாம். எந்த வயரை அரைகுறையாக விட்டேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆழ்வாப்பிள்ளை தொட்டு ஏதும் நடந்தால் யார் பதில் சொல்வது?

போன கிழமை இன்ஸ்பெக்டர் வந்து என் மெஷின் அறையில் பிழை எழுதிவிட்டுப் போனார். லிப்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வயரும் அந்த அறைக்குள் இருக்கக்கூடாதாம். நான் செருகி வைத்திருந்த சின்ன ரேடியோவும் தேத்தண்ணிக் கேத்தலும்தான் குற்றவாளிகள். கழற்றிவிட்டேன். இப்போது மோட்டார்ச் சத்தத்தைத் தவிர எனக்குத் துணை இல்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதேயும். அந்தப் பூட்டு அங்கே கிடக்கும்வரை எனக்கு வீட்டில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அதை நினைத்துத்தான் இங்கே நாட்களைத் தள்ளுகிறேன். எடுத்துவிடாதேயும்.

ஏர்னெஸ்ட்

தெல்லிப்பழை
26.12.1989

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் வருவதாகச் சொன்ன கிறிஸ்மஸோடு சேர்த்து மூன்று கிறிஸ்மஸ் போய்விட்டது. கடிதமும் வருடத்துக்கு ஒன்றாகிவிட்டது. அங்கே தபால்பெட்டிக்கும் பூட்டுப் போட்டுவிட்டார்களோ?

கரோல் பாட வந்த பிள்ளைகள் வீடு இருண்டு கிடப்பதைப் பார்த்து, "இஞ்சை ஆக்கள் இல்லை" என்று திரும்பினார்கள். நான் கேற்றடிக்கு ஓடிப்போய், "நான் இருக்கிறன், பாடுங்கோ" என்றேன். பாடினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பூட்டை எடுக்கவில்லை. எப்போது வருவீர்கள்? அதை மட்டும் எழுதினால் போதும்.

சுகிர்தம்

ரொறன்ரோ
20.5.1990

சுகிர்தம்,

சுகம். இங்கே வேலை கூடிவிட்டது.

இத்துடன் திறப்பை வைத்திருக்கிறேன். ஆழ்வாப்பிள்ளையைக் கொண்டு திறப்பியும். முதலில் எர்த்தைச் சோதிக்கச் சொல்லும். நீர் இனியும் இருட்டில் இருக்க வேண்டாம். உடம்பைக் கவனித்துக்கொள்ளும்.

ஏர்னெஸ்ட்

சாவகச்சேரி
11.11.1990

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் ஐந்து மாதத்துக்கு மேல் சுற்றி, நேற்றுத்தான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனியில் சண்டை தொடங்கி, ஊரோடு வெளிக்கிட்டு வந்து இங்கே அகதியாக இருக்கிறோம். குடாநாடு முழுக்கக் கரண்ட் இல்லை. பத்மாவதி அக்காவுக்கும் குப்பி விளக்குத்தான், இனி அவ என்னைப் பகிடி பண்ண ஏலாது.

வெளிக்கிடும்போது ஆழ்வாப்பிள்ளை அண்ணை சுத்தியலோடு வந்தார். "பூட்டை உடைச்சு, சுவிட்சையாவது கழட்டித் தாறன் தங்கச்சி. வித்தாலும் உதவும்." நான் விடவில்லை. "பூட்டினவர் வரவேணும் அண்ணை" என்றேன். அந்த நேரம் உங்கள் திறப்பு தபாலில் வந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாமல் போய்விட்டது.

கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். வருவேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. திறப்பை இன்னொருவர் கையில் கொடுக்கவே கூடாது என்று எழுதினவர் நீங்கள். உங்கள் சட்டத்தை நீங்களே மீறினால் அதன் அர்த்தம் எனக்கு விளங்காதா? அங்கே உங்களுக்கு வேறு யாரும் இருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம், அத்தான். மூன்றரை வருடம் உங்கள் சொல்லுக்காக இருட்டில் இருந்திருக்கிறேன்.

வரமாட்டீர்கள் என்றால் அதை உங்கள் கையால் எழுதுங்கள். திறப்பைக் கொண்டு எனக்குச் சொல்லுவிக்க வேண்டாம். இத்துடன் அதைத் திருப்பி அனுப்புகிறேன்.

சுகிர்தம்