எறும்பைக் காட்டு

மாடியில் நீ கட்டிய கொடிக்கயிறு இன்று காலை அவிழ்ந்து விழுந்துவிட்டது. பக்கத்துக் கிடங்கில் சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஈரப் புடவைகள் இரண்டும் அந்தத் தூசியை எல்லாம் வாரிக்கொண்டு தரையில் கிடந்தன. முடிச்சு நிற்காது என்று அன்றைக்கே சொன்னேன். நீ கேட்டாயா? பிரபஞ்சத்தையே ஒரே கணக்கில் கட்டிவிடப் பார்த்தவளுக்கு ஒரு கயிற்றை ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லை.

நான் கட்டச் சொன்னது துணி உலர்த்த. நீ கட்டியது என்னோடு வாதாட. தூரத்திலிருந்து பார்த்தால் இந்தக் கயிறு வெறும் கோடு, இதில் ஊரும் எறும்புக்கு மட்டும் சுற்றி வரவும் இடம் உண்டு என்றாய். அப்படித்தான் நமக்குத் தெரியாத பரிமாணங்கள் சுருண்டு கிடக்கின்றனவாம். அதிரும் நுண்ணிழைகள்தான் எல்லாப் பொருளும் எல்லா விசையுமாம். ஒன்றோடொன்று ஒத்துவராத ஈர்ப்பு விசையும் குவாண்டமும் அங்கேதான் சமாதானமாகுமாம். நானோ ஆய்வகத்தில் உலோகத் துண்டுகளைக் குளிரவைத்து அளந்தே தலை நரைத்தவள். "எறும்பைக் காட்டுடீ, நம்பறேன்" என்றேன்.

"உன் மிஷினுக்கு எட்டலைன்னா அது எறும்போட குத்தமா? சொல்லு, நான் கேக்கட்டும்" என்று கயிற்றை இன்னும் மோசமாக முடிந்தாய்.

கல்லூரியில் தொடங்கிய சண்டை அது. இருவரும் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு, ஞாயிறுதோறும் படகு ஜெட்டிக்குப் பக்கத்துச் சாயாக்கடைக்கு இடம் மாறியது. நம் சத்தம் பொறுக்காமல் கடைச் சேட்டன் நமக்கென்று ஒரு மூலை மேசையை ஒதுக்கிவிட்டார். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் பக்கம் மாறிப் பேச வேண்டும் என்று சட்டம் போட்டவள் நீ. அதைக் கடைப்பிடித்தவள் நான் ஒருத்திதான். உன் பக்கத்தை நான் அவ்வளவு மும்முரமாகப் பேசப் போய், இழைக் கோட்பாடு என்னுடையது என்றே சேட்டன் நினைத்துக்கொண்டார். உன் முறை வந்தால் உனக்குத் தலைவலி வரும், வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள், பள்ளுருத்தி பஸ் போய்விடும்.

கடைசியில் ஒருநாள் என் நச்சரிப்புத் தாங்காமல், "சரி, வர்ற ஞாயித்துக்கிழமை உன் பக்கம் பேசறேன். போருமா?" என்றாய். வியாழக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இதை எப்படி மன்னிப்பது? இந்த ஒரு வருஷமாக அதுதான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. ஆயுசு முழுக்க எந்தச் சோதனைக்கும் சிக்காத ஒன்றின் பின்னால் போனாயே, ஒரு நாளாவது உனக்குச் சந்தேகம் வந்ததா? அதை உன் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் அத்தனை ஞாயிறு காத்திருந்தேன்.

புடவைகளை மறுபடி அலசிக்கொண்டிருந்தபோது உன்னிடம் படித்த ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். இப்போது அவளே கலூர் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். மாடிக்கு வந்தவள் தரையில் கிடந்த கயிற்றின் அவிழாத மறுமுனையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இது எங்க டீச்சர் கட்டின முடிச்சாக்கும்" என்றாள்.

உனக்கு ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக ஒரு கயிறு கட்டும் வழக்கமாம். பிறகு அந்த மணி நேரம் முழுவதும் உன் கோட்பாட்டை நீயே கிழித்துத் தொங்கவிடுவாயாம். இதை எந்தக் கருவியாலும் பிடிக்க முடியவில்லை, எந்த மாதிரிப் பிரபஞ்சம் கேட்டாலும் இதிலிருந்து எடுத்துக் காட்டலாம், எதுவும் தப்பென்று சொல்லாத கோட்பாடு எதைத்தான் சொல்கிறது என்று கேட்பாயாம். அத்தனையும் கல்லூரி நாளிலிருந்து நான் உன்னிடம் கத்தியவை. ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

"கடைசீல டீச்சர் சொல்லுவா, 'எனக்கொரு சிநேகிதி உண்டு. எறும்பைக் காட்டுங்கறா. என்னால முடியலை. உங்களால முடியும்னா நாளைக்கு வாங்கோ.'"

யாராவது பதிலோடு வந்தார்களா என்று கேட்டேன்.

"இல்லை. பதில் இல்லாமலே எல்லாரும் வந்தோம்."

என்னால் முடியவில்லை என்று வருஷா வருஷம் ஒரு வகுப்புக்கே சொல்லியிருக்கிறாய். என்னிடம் மட்டும் தலைவலி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெண்ணைப் பிடித்து உட்காரவைத்து உன் பக்கத்தை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டேன். கருவிக்கு எட்டாததற்கு எறும்பு என்ன செய்யும் என்று நான் கேட்டபோது, அவள் "டீச்சரைப் போலவே சொல்றேளே" என்றாள். சாயா குடித்துவிட்டுப் போனாள். நான் கயிற்றை எடுத்துக் கட்டினேன். இறுகக் கட்ட எனக்குத் தெரியும். ஆனால் கை உன் முடிச்சையே போட்டது. நாளைக்கும் விழும், நாளைக்கும் உன்னைத்தான் திட்டப் போகிறேன்.

நீ சொல்வதில் விஷயம் இருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? ஒத்துக்கொண்டால் சண்டை முடிந்துவிடும், அடுத்த ஞாயிறு நான் வர மாட்டேன் என்று பயந்தாயா?

வந்திருப்பேனடீ.