தாத்தா கூட்டிய ஒரு வயது

அன்புள்ள அம்மாவுக்கு,

இருமல் நின்றதா? நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நீ மூன்று மாதம் என்னோடு தங்க அனுமதி கேட்டேன். இது ஓய்வுபெற்றவர்களின் குடியிருப்பு. ஐம்பத்தைந்து நிரம்பாதவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாதாம். வேலை பார்ப்பதால் எனக்கு மட்டும் விலக்கு.

உனக்கு ஐம்பத்து நான்குதான் என்றதும், நான் பார்த்துக்கொள்ளும் டீச்சரம்மா சிரித்துவிட்டார். "அடடே, சின்னப் பொண்ணு! அவ வந்தா இங்க ஒரே ஆட்டம் பாட்டம்தான்."

மேலாளர் சிரிக்கவில்லை. "சர்டிபிகேட்ல என்ன இருக்கோ, அதுதாம்மா எங்களுக்கு வயசு" என்றார்.

அப்போதுதான் நினைவு வந்தது. தாத்தா ஒரு வயது கூட்டிச் சொல்லித்தானே உன்னைப் பள்ளியில் சேர்த்தார்? "என் ஒரு வருஷத்தை முழுங்கிட்டாரே" என்று இன்னும் அவரைத் திட்டுகிறாய்.

சர்டிபிகேட் நகலை உடனே அனுப்பு. வரும்போது என் பழைய போர்வையை எடுத்து வா. அறையில் இன்னொரு கட்டில் போடலாம், அளந்து பார்த்துவிட்டேன்.

தாத்தா முழுங்கிய வருஷத்தில் மூன்று மாதத்தையாவது இங்கே வந்து வாங்கிக்கொள்.

டீச்சரம்மா மணி அடிக்கிறார்.

உன் மகள்